முழு வயிற்றுக்கு எழுதிய அட்டவணைகள்

எடை குறைக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டு, இறங்கிய எடையில் ஒரு பங்கு சில ஆண்டுகளில் திரும்ப ஏறி, மறுபடி டயட் தேடும் ஒருவரின் கைக்கு வந்து சேரும் உணவு அட்டவணைகள் வேறு யாருக்கோ எழுதியவை. முழு வயிறு உள்ளவர்களுக்கு எழுதியவை. இவருடைய வயிறோ கத்தி பட்ட வயிறு. அதன் அளவு வேறு, அது உணவைக் கடத்தும் வேகம் வேறு, அது உறிஞ்சத் தவறும் சத்துகள் வேறு. இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காத எந்த அட்டவணையையும், அது எத்தனை பேருக்குப் பலித்திருந்தாலும், இவருக்குப் பரிந்துரைக்கக் கூடாது என்பது என் கருத்து.

என் அக்காவுக்கு 2018-ல் ஸ்லீவ் என்ற அறுவை செய்தார்கள். 112 கிலோவில் போனவள் ஒன்றரை ஆண்டில் 71-க்கு வந்தாள். இன்று 88. கடந்த தை மாதம் திருச்சியில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து என் மடியில் வைத்தாள். உள்ளே ஐந்து அட்டவணைகள். பேலியோ கடைப்பிடிக்கும் தோழி அனுப்பியது ஒன்று. நாளில் 16 மணி நேரம் வயிற்றைக் காயப்போடச் சொல்வது ஒன்று. ஐந்தே நாளில் இரைப்பையைச் சுருக்கித் தருவதாகச் சொல்வது இன்னொன்று. நாளுக்கு 800 கலோரி அளவில் பவுடரைக் கரைத்துக் குடிக்கச் சொல்வது நான்காவது. ஐந்தாவது, ஒரு மருத்துவமனையில் அச்சடித்துக் கொடுத்த 1200 கலோரி தாள். "எது சரின்னு நீயே பார்த்துச் சொல்லுடி. இன்னொரு தடவை தோத்துப்போக எனக்குத் தெம்பு இல்ல" என்றாள்.

அந்தத் 'தோத்துப்போக' என்ற சொல்லைத்தான் முதலில் எடை போட வேண்டும்.

சுவீடனில் 1987-ல் தொடங்கிய எஸ்.ஓ.எஸ் ஆய்வு, அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,010 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டில் சராசரியாக 32 விழுக்காடு எடையை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 விழுக்காடாகக் குறைந்திருந்தது. வயிற்றைச் சுற்றிப் பட்டை போட்டவர்களுக்கு 20-லிருந்து 14. எந்த வகை அறுவையானாலும் கோடு முதலில் சரிகிறது, பிறகு கொஞ்சம் ஏறுகிறது, அப்புறம் ஒரு மட்டத்தில் நிற்கிறது. அமெரிக்காவில் பைபாஸ் செய்த 1,406 பேரை ஆராய்ந்து 2018-ல் 'ஜாமா' இதழில் வந்த கட்டுரை இதை இன்னும் நுட்பமாகச் சொல்கிறது. மிகக் குறைந்த எடையைத் தொட்டு ஐந்தாண்டு ஆனபோது, இழந்ததில் 26.8 விழுக்காடு திரும்ப ஏறியிருப்பதுதான் நடுமதிப்பு. ஆக, கொஞ்சம் ஏறுவது இந்தச் சிகிச்சையின் இயல்பான போக்கு. ஏறியவர்கள் எல்லாரும் கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்றால், அந்த ஆய்வுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்றாகிவிடும்.

அதே கட்டுரை ஒரு நல்ல அளவுகோலையும் தருகிறது. எத்தனை கிலோ ஏறியது என்பதைவிட, இழந்ததில் எத்தனை விழுக்காடு ஏறியது என்று பார்ப்பதே சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவை திரும்புவதோடு நெருங்கிப் பொருந்துகிறது என்கிறது. அக்கா இழந்தது 41 கிலோ, ஏறியது 17. அதாவது 41 விழுக்காடு. அவளுக்குச் செய்தது ஸ்லீவ், ஆய்வோ பைபாஸ்காரர்களைப் பற்றியது. ஒன்றை ஒன்றின்மேல் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் 'எல்லாருக்கும் ஏறுவதுதான்' என்று விட்டுவிடும் அளவை அவள் தாண்டிவிட்டாள் என்பது தெளிவு. அவள் இன்னும் பழைய எடையைவிட 24 கிலோ குறைவு என்பதும் அதே அளவுக்கு உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நேர்மையான கணக்கு.

உணவைத் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஏன் ஏறியது? ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, குழாய் போல ஒரு பகுதியை மட்டும் விடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெருமளவு சுரக்கும் மேற்பகுதியும் வெட்டுப்பட்டுப் போவதால் முதல் ஆண்டில் பசியே தெரிவதில்லை. ஆண்டுகள் போகப்போக அந்தக் குழாய் அகலலாம். பைபாஸில் சிறு பையும் குடலும் சேரும் வாய் தளரலாம். அரிதாக, பிரித்துவிட்ட பழைய இரைப்பைக்கும் புதிய பைக்கும் இடையே புரையோடி வழி திறந்துகொள்ளலாம். இவற்றை எண்டோஸ்கோபியும் பேரியம் படமும் காட்டிவிடும். தைராய்டு குறைந்திருக்கலாம். இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் ஆகியவை எடையை ஏற்றும். பைபாஸ் செய்தவர்களுக்கு மது விரைவாகத் தலைக்கேறும்; அந்தப் பழக்கம் சிலருக்கு இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு சத்தமில்லாமல் கூடும். இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும்போது உணவு அட்டவணையை மாற்றிக்கொண்டே இருப்பது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பது போலத்தான். அக்காவுக்கு எண்டோஸ்கோபியில் பெரிய கோளாறு இல்லை, தைராய்டும் சரி. பி12-ம் இரும்பும் வைட்டமின் டி-யும் தாழ்ந்து கிடந்தன. ஏழாண்டில் ஐந்தாண்டு அவள் மாத்திரையே போடவில்லை.

பிறகு நான் அவளோடு நான்கு நாள் இருந்து பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் அவள் தட்டு சின்னதுதான். ஆனால் நாளுக்கு ஐந்து டீ. ஒவ்வொன்றிலும் சர்க்கரை, கூட இரண்டு மேரி பிஸ்கட். டீக்கு 80 கலோரி, பிஸ்கட் ஒன்றுக்கு 25 என்று குறைத்தே போட்டாலும் நாளுக்கு 650. சாயங்காலம் மிக்சர் டப்பா வேறு. சின்ன வயிற்றின் காவல் கெட்டியான உணவுக்குத்தான். டீயில் நனைந்த பிஸ்கட், ஜூஸ், ஐஸ்கிரீம், கையளவு கையளவாக உள்ளே போகும் மிக்சர் ஆகியவை அந்தக் காவலுக்குப் பிடிபடாமல் நழுவிப் போகும். எடை திரும்ப ஏறுவதோடு ஆய்வுகள் அடிக்கடி தொடர்புபடுத்தும் பழக்கம் இந்தக் கொறிப்புதான். ஒரு வேளை விருந்து சாப்பிடுவதால் ஏறியவர்களைவிட, விருந்தே சாப்பிட முடியாமல் நாள் முழுக்கக் கொறித்து ஏறியவர்களே அதிகம் என்பது நான் பேசிப் பார்த்தவர்களிடமும் கண்டது.

ஆகவே ஒவ்வொரு அட்டவணையிடமும் நான் கேட்பவை இவை. கோப்பையளவு வயிற்றுக்குள் நாளுக்கு 60 கிராம் புரோட்டீனையாவது அது கொண்டுபோய்ச் சேர்க்குமா? அமெரிக்க பேரியாட்ரிக் அறுவை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் குறைந்தபட்சமாகச் சொல்வது அந்த அளவுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். மென்று தின்னும் கெட்டி உணவைத் தருமா, கரைத்துக் குடிப்பதைத் தருமா? அந்தக் குறிப்பிட்ட அறுவைக்கே உரிய ஆபத்துகளோடு மோதுமா? கடைசியாக, இந்த வீட்டில், இந்தச் சமையலறையில், ஐந்தாண்டு நடக்குமா?

பேலியோவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தமிழர்களிடம் அதற்கு இருக்கும் செல்வாக்கு மற்ற நான்குக்கும் இல்லை. நியாண்டர் செல்வன் முகநூலில் தொடங்கிய குழுவும் அவருடைய 'பேலியோ டயட்' நூலும் சோற்றைக் கேள்வி கேட்க ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தன. அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வு, இந்தியர் உண்ணும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாக 2025-ல் சொன்னது. இப்படிப்பட்ட தட்டில் முட்டை, மீன், கறி, பனீர் ஆகியவற்றை நடுவுக்குக் கொண்டுவந்தது பேலியோவின் சாதனை. புரோட்டீன் அளவில் அது தேறுகிறது. டீயும் பிஸ்கட்டும் மிக்சரும் ஒரே அடியில் வெளியேறுகின்றன. அக்காவின் 650 கலோரிக்கு இதைவிட நேரான மருந்து இல்லை.

ஆனால் தமிழ்ப் பேலியோவின் அடையாளமாகவே ஆகிவிட்ட காலை உணவு 100 பாதாம். எடை ஏறக்குறைய 120 கிராம், கலோரி 650-க்கு மேல். முழு வயிற்றுக்காரர் அதைத் தின்றால் மதியம் வரை பசிக்காது, மதியச் சாப்பாடு தானாகக் குறையும். கணக்கு நேராகிவிடும். ஸ்லீவ் செய்தவருக்கு ஒரே மூச்சில் 100 பாதாம் இறங்காது. டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு பத்துப் பத்தாகக் காலை முழுவதும் தின்பார். எந்தக் கொறிப்பால் எடை ஏறியதோ அதையே புதுப் பெயரில் திரும்பக் கொண்டுவந்ததாகத்தான் அது முடியும். வெண்ணெய் போட்ட டீ இன்னும் மோசம். அது திரவம், கொழுப்பு, புரோட்டீன் இல்லாதது. சின்ன வயிற்றைத் துளியும் நிரப்பாமல் கலோரியை மட்டும் சேர்க்கும்.

பைபாஸ், மினி பைபாஸ் செய்தவர்களுக்கு இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. இதைத் தமிழில் யாரும் உரக்கச் சொல்லிக் கேட்டதில்லை என்பதால் விரித்துச் சொல்கிறேன். பாதாமில் ஆக்சலேட் மிக அதிகம். சாதாரணக் குடலில் அந்த ஆக்சலேட்டைக் கால்சியம் பிடித்துக் கட்டி மலத்தோடு வெளியேற்றிவிடும். குடலின் ஒரு நீளத்தைத் தாண்டிப் போகும் அறுவையில் கொழுப்பு முழுதாக உறிஞ்சப்படுவதில்லை. அந்த மீந்த கொழுப்பு கால்சியத்தைத் தன்னோடு கட்டிக்கொள்கிறது. கட்ட ஆள் இல்லாத ஆக்சலேட் இரத்தத்துக்குள் போய்ச் சிறுநீரகத்தில் கல்லாகிறது. சிலருக்குச் சிறுநீரகத்தையே கெடுக்கிறது. பைபாஸ் செய்தவர்களுக்குக் கல் ஆபத்து கூடுவது நன்றாக அறியப்பட்ட செய்தி. அவர்களிடம் தினம் 100 பாதாம், கூடவே பாலக் கீரை, நெய், வெண்ணெய் என்று ஓர் அட்டவணையை நீட்டினால், ஆக்சலேட்டையும் கொழுப்பையும் ஒரே தட்டில் வைத்துக் கொடுக்கிறோம் என்று பொருள்.

இன்னொரு ஆபத்து மருந்துப் பெட்டியில் இருக்கிறது. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் இப்போது ஏராளமானோர் போடுபவை. அவற்றைப் போட்டுக்கொண்டே மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், இரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும். குளூக்கோமீட்டர் அச்சமூட்டும் எண்ணைக் காட்டாததால் வீட்டில் யாருக்கும் விபரீதம் புரியாது. ஆகையால் கடும் கீட்டோ, கடும் பேலியோ இரண்டையும் இந்த மாத்திரைக்காரர்களுக்கு நான் தயங்காமல் விலக்குகிறேன். பேலியோவின் கருவை எடுத்துக்கொள்ளலாம். சடங்குகளை விட்டுவிட வேண்டும்.

அடுத்தது மருத்துவமனையின் 1200 கலோரி தாள். எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை. இதே தாளின் உடன்பிறப்புகள் பல ஊர்களில் கிடைக்கும். காலை 2 இட்லி, சாம்பார். நடுவில் மோர். மதியம் ஒரு கப் சாதம், சாம்பார், பொரியல், அரை கப் தயிர். மாலை அரை கப் சுண்டல். இரவு 2 சப்பாத்தி, பருப்புக் குருமா. பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நம் வீட்டுச் சாப்பாடு, எண்ணெய் குறைவு, இனிப்பு இல்லை. தாளைக் கொடுத்தவர் மீது எனக்கு மரியாதை உண்டு, ஐந்தில் இது ஒன்றுதான் இந்த ஊர்ச் சமையலறையைப் பார்த்து எழுதியது.

ஆனால் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு புரோட்டீனைக் கூட்டினேன். இட்லி ஒன்றுக்கு 2 கிராம். சாம்பார் ஒரு கிண்ணம் 3. மோரில் 2. மதியம் எல்லாம் சேர்த்து 13. சுண்டலில் 6. இரவு 10. மொத்தம் 40-ஐத் தொடவில்லை. அதுவும் தாளில் உள்ளதை எல்லாம் தின்று முடித்தால். ஸ்லீவ் செய்தவர் மதியம் அந்த ஒரு கப் சாதத்தை முடிக்கும்போதே வயிறு அடைத்துவிடும். சுண்டலையும் தயிரையும் 'அப்புறம்' என்று ஒதுக்குவார். உண்மையில் உள்ளே போவது 30 கிராம்.

இங்கேதான் நம் சாப்பாட்டு முறையின் அடிப்படைச் சிக்கல் தெரிகிறது. நமக்குச் சோறுதான் சாப்பாடு. மீனும் முட்டையும் கூட்டும் பருப்பும் தொட்டுக்கொள்ள. முழு வயிறு இருந்தவரை முதல் சுற்று சாம்பாருக்கு, இரண்டாம் சுற்று ரசத்துக்கு, மூன்றாம் சுற்று மோருக்கு என்று போனாலும் இடையிடையே தொட்டுக்கொண்டது ஓரளவு சேர்ந்துவிடும். வயிறு கோப்பையளவு ஆனபின் எது முதலில் போகிறதோ அதற்குத்தான் இடம். சோற்றை முதலில் போட்டால் தொட்டுக்கொள்ள வைத்தது தட்டிலேயே கிடக்கும். அதற்கு மேல், ரசம் சாதமும் மோர் சாதமும் குழைந்து நழுவுபவை. வயிற்றில் தங்காமல் இறங்கி, ஒரு மணி நேரத்தில் மறுபடி பசியைக் கிளப்புபவை. அந்தத் தாளின் குற்றம் கலோரியில் இல்லை. வரிசையிலும் புரோட்டீனிலும் இருக்கிறது. அது திருத்தக்கூடிய குற்றம்.

16 மணி நேர விரதத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. 2020-ல் வந்த ட்ரீட் ஆய்வில் 116 பேரில் ஒரு பகுதியினர் 12 வாரம் இதைச் செய்தார்கள். மூன்று வேளை தின்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு இறங்கவில்லை. இறங்கிய கொஞ்சத்திலும் பெரும்பங்கு கொழுப்பல்லாத எடை. குவாங்சோவில் 139 பேரிடம் ஓராண்டு நடத்திய ஆய்வும் 2022-ல் அதே முடிவுக்கு வந்தது: கலோரி அளவு ஒன்றாக இருந்தால் கடிகாரத்தால் பெரிய லாபம் இல்லை. இவை முழு வயிற்றுக்காரர்களிடம் நடந்தவை. சின்ன வயிற்றுக்கு எட்டு மணி நேரத்துக்குள் 60 கிராம் புரோட்டீன் என்றால் வேளைக்கு 20 கிராம் வீதம் மூன்று வேளையை நெருக்கி அடைக்க வேண்டும். நடைமுறையில் இரண்டு வேளையாகி, புரோட்டீன் 40-க்கு இறங்கி, தசைதான் கரையும். கால்சியத்தை ஒரே தடவையில் 600 மில்லிகிராமுக்கு மேல் விழுங்கிப் பயனில்லை, இரும்போடு சேர்க்காமல் 2 மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும் என்ற மாத்திரைக் கணக்கும் நெருக்கடிக்குள் வரும். மாத்திரையை விரத நேரத்திலும் போடலாம் என்பது உண்மை. ஆனால் மாத்திரையையே மறந்துவிட்டவருக்கு இன்னொரு குழப்பம் தேவையில்லை. இந்தத் திட்டத்தில் நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று: இரவு 8 மணிக்கு மேல் அடுப்படிக்குப் போகாதிருப்பது.

ஐந்து நாளில் இரைப்பையைச் சுருக்கும் திட்டம் அமெரிக்க நோயாளிகளிடையே பரவி இங்கே வந்தது. முதல் இரண்டு நாள் திரவம், மூன்றாம் நாள் மெத்தென்ற புரோட்டீன், பிறகு சற்றுக் கெட்டி, ஐந்தாம் நாள் முழுக் கெட்டி. அகன்ற தசைப் பை ஐந்து நாளில் சுருங்கிவிடாது. மாவுச்சத்தை நிறுத்தியதும் உடலில் சேமித்த கிளைக்கோஜன் கரைகிறது. அதோடு கட்டுண்டிருந்த தண்ணீர் வெளியேறுகிறது. எடைக்கருவியில் இரண்டு கிலோ குறைவது அதனால். ஆறாம் நாள் இட்லி தின்றதும் அது திரும்பிவிடும். கொறிப்பை ஐந்து நாளாவது நிறுத்துகிறது என்ற ஒரு நன்மைக்காக, பொய்யான வாக்குறுதியை மன்னிக்க எனக்கு மனம் இல்லை. ஏற்கெனவே தன்னைக் குற்றவாளியாக நினைப்பவருக்கு ஆறாம் நாள் எடை ஏறினால் அவர் யாரைக் குறை சொல்வார்?

800 கலோரி பவுடருக்குப் பின்னால் நல்ல ஆய்வு இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. பிரிட்டனின் டைரெக்ட் ஆய்வில் நாளுக்கு 825 முதல் 853 கலோரி வரை பவுடர் உணவை 3 முதல் 5 மாதம் எடுத்தவர்களில் 46 விழுக்காட்டினருக்கு ஓராண்டு முடிவில் சர்க்கரை நோய் தணிந்திருந்தது. ஆனால் அவர்களுக்குக் கெட்டி உணவுக்குத் திரும்பக் கைபிடித்து நடத்தும் ஏற்பாடு இருந்தது. டப்பா வாங்கித் தானே கரைத்துக் குடிப்பவருக்கு அது இல்லை. எடை வேகமாக இறங்கினால் பித்தப்பைக் கல் உருவாகும், முடி கொட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பவுடர், மெல்லும் உணவால் மட்டுமே நிரம்பத் தெரிந்த ஒரு வயிற்றுக்கு மறுபடி குடிக்கக் கற்றுக்கொடுக்கிறது. மருத்துவர் மேற்பார்வையில், காரணம் சொல்லி, நாள் குறித்துச் செய்தால் ஏற்கலாம். கடையில் வாங்கி ஆரம்பித்தால் கூடாது.

இவ்வளவு எடை போட்டபின் ஒரு சந்தேகம் எழும்: உணவுத் திட்டங்களுக்குள் இவ்வளவு வேறுபாடு உண்மையில் உண்டா? ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை வைத்து நடத்திய டயட்ஃபிட்ஸ் ஆய்வில், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் ஓராண்டில் 6 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இறங்கினார்கள். வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதல்ல. 2005-ல் நான்கு பிரபல டயட்டுகளை மோதவிட்ட ஆய்வும், எந்த டயட் என்பதைவிட எவ்வளவு ஒட்டி நடந்தார்கள் என்பதே எடையைத் தீர்மானித்தது என்றது. 'அப்படியானால் பிடித்ததைச் செய்' என்று பலர் இங்கே நிறுத்திக்கொள்கிறார்கள். நான் நிறுத்த மாட்டேன். அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் அறுவை செய்துகொள்ளாதவர்கள். அறுவைக்குப் பின் எடை ஏறியவர்களிடம் மட்டும் உணவுத் திட்டங்களை ஒப்பிட்ட ஆய்வுகள் சில, அவையும் சிறியவை. முழு வயிற்றில் எல்லாத் திட்டமும் சமம் என்பதால் வெட்டிய வயிற்றிலும் சமம் என்று ஆகிவிடாது. கிலோவில் சமமாக இருந்தாலும் தசையில், பி12-ல், சிறுநீரகக் கல்லில் சமமாக இருக்காது.

எடை குறைக்கும் ஊசியைப் பற்றிப் பேசாமல் இந்த விவாதம் முடியாது. மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியாவுக்கு வந்துவிட்டன. அதற்கு முன்பே பாரி-ஆப்டிமைஸ் என்ற ஆய்வு, அறுவைக்குப் பின் போதிய எடை இறங்காத 70 பேரில் ஒரு பகுதியினருக்கு அதே குடும்பத்தைச் சேர்ந்த லிராகுளூடைடைக் கொடுத்துப் பார்த்தது. 24 வாரத்தில் ஊசி போட்டவர்களுக்கு 8.8 விழுக்காடு இறங்கியது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு அரை விழுக்காடு. அறுவை செய்துகொண்டவர்களிடம் நடந்த இப்படி ஒரு சோதனையில் எந்த உணவு அட்டவணையும் இந்த எண்ணைக் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. பசி திரும்பி வந்து வாட்டும் ஒருவர் அந்த மருந்தைக் கேட்பது மானக்கேடு அல்ல. சர்ஜரி, அப்புறம் ஊசி என்று உறவினர் பேசும் பேச்சை ஒதுக்கிவிடலாம். ஆனால் ஊசி பசியைக் குறைக்கும்போது புரோட்டீனும் சேர்ந்து குறைகிறது. ஆகையால் ஊசி போட்டாலும் உணவுத் திட்டம் தேவை. அதுவும் எண்ணிப் பார்த்து எழுதியது தேவை.

என் தீர்ப்பு இது. ஃபைலில் இருந்த ஐந்தில் எதையும் அப்படியே எடுக்கக் கூடாது. எடுக்க வேண்டியது மருத்துவமனைத் தாளின் சமையலறையும் பேலியோவின் தட்டு நடுவும் சேர்ந்த ஒன்று. நாளுக்கு மூன்று வேளை, மாலையில் ஒரு சிறு வேளை, இடையில் தண்ணீர் மட்டும். டீ வேண்டுமென்றால் சர்க்கரை இல்லாமல் இரண்டு, பிஸ்கட் இல்லாமல். ஒவ்வொரு வேளையும் புரோட்டீன் முதலில், காய் அடுத்தது, சோறோ இட்லியோ கடைசியில், இடம் இருந்தால் நாலு கரண்டி. காலை இரண்டு முட்டையில் 12 கிராம், கூட ஓர் அடை. மதியம் முதலில் 100 கிராம் மத்தியோ கோழியோ என்றால் 20-க்குக் குறையாது. மாலை சுண்டல், மென்று. இரவு 80 கிராம் பனீர், அதில் 15. இப்படி 60 எட்டிவிடும். சைவர்களுக்குக் கடினம்தான், பனீரும் சோயாவும் பயறும் கெட்டித் தயிரும் போட்ட பின்னும் குறைந்தால், குறைந்த அளவுக்கு மட்டும் புரோட்டீன் பவுடர். பைபாஸ் செய்தவர்கள் பாதாமையும் பாலக்கையும் குறைத்து, கால்சியத்தை உணவோடு போட வேண்டும். மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும்.

ஒரு வேளை மாறினால் மறு வேளை சரி செய்துகொள்ளும் திட்டம் இது. ஆறாம் நாள் தோற்றுப்போகும் திட்டம் அல்ல. இதில் எடை மெதுவாகத்தான் இறங்கும். மூன்று மாதம் சரியாகச் செய்தும் அசையவில்லை என்றால் ஊசியையோ மறு அறுவையையோ பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். புதிதாக ஆறாவது அட்டவணையைத் தேடக் கூடாது.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது இந்த அறுவை நடந்திருந்தால், உங்கள் கையில் இருக்கும் டயட் தாளை இன்று எடுங்கள். ஒரு பென்சிலால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் புரோட்டீன் கிராமை எழுதிக் கூட்டுங்கள். 60-க்குக் கீழே வந்தால், கொடுத்தவரிடமே கொண்டுபோய், உங்களுக்கு என்ன அறுவை நடந்தது என்று சொல்லி, வேறு எழுதித் தரச் சொல்லுங்கள்.